பள்ளியை விட்டுவிட்டு ஜி.ஈ.டி. எழுதலாமா? நியூ ஜெர்சியில் ஒரு தமிழ் வீட்டில் எட்டு மாதம்

நியூ ஜெர்சியில், வயது வந்தோருக்கான கல்வி மையம் ஒன்றில் சனிக்கிழமை காலைகளில் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஹைஸ்கூலை முடிக்காதவர்கள் அதற்கு ஈடாக எழுதும் ஜி.ஈ.டி. தேர்வுக்குத் தயாராக வரும் இடம் அது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். தமிழ்ப் பிள்ளைகளை அங்கே பார்ப்பது அபூர்வம். 2022 நவம்பரில் ஒரு தமிழ் அம்மா போன் செய்தார். "அக்கா, என் பொண்ணு இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறா. ஜி.ஈ.டி. எழுதினா போதும்னு சொல்றா. அவங்க அப்பா மூணு நாளா அவகிட்ட பேசலை."

அடுத்த எட்டு மாதம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவளும் அவள் அம்மாவும் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். இந்த முடிவின் முன்னால் நிற்கும் வீடுகளுக்குத் தமிழில் கிடைப்பதெல்லாம் "அவங்க பையன் டிராப் அவுட்டாம்" என்ற பேச்சு மட்டும்தான். அது யாருக்கும் உதவாது.

நிலைமை

பதினொன்றாம் வகுப்பு. பதினேழு வயதாக நான்கு மாதம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அப்பாவுக்கு வேலை மாறியதால் டெக்சாஸிலிருந்து இங்கே வந்தார்கள். அங்கே வகுப்பில் முதல் வரிசையில் இருந்த பெண், இங்கே வந்ததிலிருந்து காலையில் வயிற்று வலி என்று படுத்துவிடுவாள். முதலில் மாதத்துக்கு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், பத்தாம் வகுப்பில் மொத்தம் 41 நாள் போகவில்லை.

நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் டிப்ளமா வாங்கக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளிகள், வேண்டும். ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு வருடத்துக்கு 35இலிருந்து 40 கிடைக்கும். பல பள்ளி மாவட்டங்களைப் போல அவளுடைய மாவட்டத்திலும் ஒரு விதி உண்டு, வராத நாட்கள் அளவைத் தாண்டினால் பாடத்தில் தேறியிருந்தாலும் கிரெடிட் கிடையாது. இரண்டு வருட முடிவில் அவள் கையில் இருந்தது 47. மீதி 73ஐ இரண்டு வருடத்தில் எடுக்க முடியாது என்றில்லை, ஆனால் ஒரு பாடம்கூடச் சறுக்கக் கூடாது. பள்ளிக் கவுன்சிலர் இன்னும் ஒரு வருடம் கூட ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார். தன்னைவிட இளையவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற நினைப்பு அவளுக்குத் தாங்கவில்லை. அன்று இரவுதான் ஜி.ஈ.டி. பற்றித் தேடிப் படித்திருக்கிறாள்.

அவள் படித்தது உண்மைதான். நான்கு தாள், எல்லாம் கணினியில். மொழித்தாள் 150 நிமிடம், கணக்கு 115, அறிவியல் 90, சமூக அறிவியல் 70. ஒவ்வொன்றிலும் 200க்கு 145 எடுத்தால் தேர்ச்சி. நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை, ஒன்று போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இரண்டு மாத வேலை. "ரெண்டு மாசத்துல முடியறதுக்கு எதுக்கு ஆன்ட்டி மூணு வருஷம்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்லக் கூடாது என்று மட்டும் அப்போது எனக்குத் தோன்றியது.

முதலில் கேட்டது தேர்வைப் பற்றி இல்லை

பள்ளியை விட வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் உடனே விவாதம் தொடங்குவது ஜி.ஈ.டி.க்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்றுதான். நான் மூன்று காகிதங்களைக் கேட்டேன். கிரெடிட் கணக்கு போட்ட டிரான்ஸ்கிரிப்ட், வருகைப் பதிவு, டாக்டர் சொன்னது ஏதாவது இருந்தால் அது.

மூன்றாவது இல்லவே இல்லை. வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தபோது 41 நாளில் ஏறக்குறைய எல்லா நாளுக்கும் ஒரே காரணம் இருந்தது: காய்ச்சல். அப்பா எழுதிக் கொடுத்தது. ஏன் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பயமா இருக்குன்னு போறதில்லைன்னு எப்படிக்கா எழுதறது, நாளைக்கு அவ ரெக்கார்டுல அது நிக்காதா" என்றார். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியம். ஆனால் பள்ளியின் பார்வையில் அவள் அடிக்கடி காய்ச்சல் வந்து லீவு போடுகிற, டாக்டர் சீட்டு கொண்டுவராத ஒரு மாணவி. அவளுக்கு என்ன உதவி செய்யலாம் என்று யாருமே யோசிக்கக் காரணம் இருக்கவில்லை.

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 504ஆம் பிரிவு இருக்கிறது. உடல் நலமோ மன நலமோ படிப்பைத் தடுக்கிறதென்றால், அரசுப் பள்ளி அதற்கேற்ற ஏற்பாடுகளை எழுத்தில் செய்துதர வேண்டும். கடுமையான பதற்றநோயும் இதில் வரும். தாமதமாக வர அனுமதி, மதிய உணவைக் கூட்டத்தில் சாப்பிடாமல் நூலகத்தில் சாப்பிடுவது, தேர்வைத் தனி அறையில் எழுதுவது என்று அந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் கொஞ்ச காலம் ஆசிரியரை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடும் நியூ ஜெர்சியில் உண்டு. நம் வீடுகளில் இதைக் கேட்பதற்குக் கூச்சம். கேட்காமல் பள்ளியை விட்டுவிட்டால், கதவு திறந்திருக்கிறதா என்று தள்ளிக்கூடப் பார்க்காமல் சுவர் ஏறிக் குதித்த மாதிரி.

டிசம்பரில் குழந்தை மருத்துவரைப் பார்த்தார்கள், அங்கிருந்து ஒரு தெரப்பிஸ்ட். பதற்றநோய் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை, கடிதம் போன மூன்றாவது வாரத்தில் கூட்டம் வைத்தார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் வீட்டிலேயே பாடம். அந்த ஒன்பது வாரத்தில் அவள் முகமே மாறிவிட்டது என்று அம்மா சொன்னார், நானும் பார்த்தேன். மார்ச்சில் திரும்பப் பள்ளிக்குப் போனாள். பத்தொன்பது நாள் தொடர்ந்து போனாள். இருபதாம் நாளும் போனாள், அன்று சாயங்காலம் என்னை அழைத்தாள். "ஆன்ட்டி, நவம்பர்ல நான் பயந்துபோய்ச் சொன்னேன். இப்ப பயம் குறைஞ்சிருக்கு, அப்பவும் எனக்கு அங்க இருக்க வேண்டாம்னுதான் தோணுது. காலேஜ் கிளாஸ் மாதிரி, பாடத்துக்கு மட்டும் போய்ட்டு வர்ற மாதிரி இருந்தா என்னால முடியும்."

நவம்பரில் சொன்ன அதே விஷயம்தான். ஆனால் நவம்பரில் அதற்கு நான் சரி சொல்லியிருந்தால் தப்பாகியிருக்கும், ஏப்ரலில் அதைக் கேட்க மறுத்தால் அதுவும் தப்பு. இந்த நான்கு மாதத்தை வீண் என்று அவள் அப்பா ஒரு முறை சொன்னார். இந்தக் கதையில் உருப்படியாக நடந்தது அந்த நான்கு மாதத்தில்தான் என்பது என் எண்ணம்.

அப்பாவின் கேள்விகள்

அவரை நான் வில்லனாக எழுத மாட்டேன். ஈரோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து படித்து மேலே வந்தவர், படிப்பைப் பாதியில் விடுவது என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் சரியான கேள்விதான்.

முதலில் சட்டம். டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா ஒன்று சொன்னார், கலிபோர்னியாவில் இருக்கும் நண்பர் வேறொன்று சொன்னார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் மாநில விதியைச் சொன்னார்கள். டெக்சாஸில் பெற்றோர் சம்மதித்தால் 17 வயதில் எழுதலாம். கலிபோர்னியாவில் ஜி.ஈ.டி.க்கு ஏறக்குறைய 18 ஆக வேண்டும், 16 வயதுக்காரர்களுக்கு அங்கே வேறு ஏற்பாடு. நியூ ஜெர்சியில் கட்டாயக் கல்வி 16 வயது வரை, 16, 17 வயதில் எழுதப் பெற்றோரின் சம்மதப் படிவம் வேண்டும், அதோடு பள்ளியிலிருந்து விலகியிருக்க வேண்டும். பள்ளியில் இருந்துகொண்டே ஜி.ஈ.டி.யை எழுதி வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் தொடர்வோம் என்பது நடக்காது. ஆனால் விலகினால் திரும்பவே முடியாது என்பதும் இல்லை, நியூ ஜெர்சியில் 20 வயது வரை இலவச அரசுப் பள்ளிக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

அடுத்தது, தேறினால் கையில் கிடைப்பது என்ன? நியூ ஜெர்சியில் மாநிலம் தருவது ஹைஸ்கூல் டிப்ளமாதான். "டிப்ளமான்னே போட்டிருக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார். போட்டிருக்கும்.

மூன்றாவது காலேஜ். இதற்கு நல்ல பதில் இருந்தது. கவுன்ட்டி கம்யூனிட்டி காலேஜ் ஜி.ஈ.டி.யோடு எடுத்துக்கொள்ளும். அங்கே இரண்டு வருட அசோசியேட் பட்டம் முடித்தால், 2007இல் வந்த ஒரு சட்டத்தின்படி அந்தக் கிரெடிட்டுகளை நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் முதல் இரண்டு வருடமாக ஏற்க வேண்டும். அப்படிப் போனால் ஹைஸ்கூலை எப்படி முடித்தாள் என்பது பின்னால் போய்விடும். இன்னொரு வழியும் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது: தேர்வே எழுதாமல் காலேஜில் 30 பொதுக்கல்விக் கிரெடிட் முடித்தாலும் மாநிலம் அந்த டிப்ளமாவைத் தரும். அவளுக்குத் தேர்வு பெரிய தடையாக இல்லாததால் அந்த வழியை எடுக்கவில்லை.

நான்காவது விசா. இதை இங்கே பிறந்த பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் சொல்லாது. அவள் எச்4இல், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைகளுக்குத் தரும் விசாவில் இருக்கிறாள். எச்4 பிள்ளை படிக்கலாம், பகுதிநேரமாகவும் படிக்கலாம், ஆனால் வேலை செய்ய முடியாது. அதனால் பள்ளியை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்பது அவளுக்கு இல்லாத வழி. ஜி.ஈ.டி. இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அதுவும் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருந்தால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக 21 வயதானால் எச்4 முடிந்துவிடும். க்ரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் காத்திருக்கும் காலத்தை வைத்துப் பார்த்தால் அதற்குள் வராது என்று அவருக்கே தெரியும். அப்போது அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும் என்றால் ஒரு காலேஜில் முழுநேரமாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, ஒரு வருடம் ஓய்வெடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்ற சொகுசு மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கலாம், இவளுக்கு இல்லை. ஒருவேளை ஊருக்குத் திரும்பி அங்கே காலேஜ் சேர வேண்டி வந்தால், இந்த டிப்ளமா அங்கத்திய பள்ளிப் படிப்புக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று கேட்பார்கள். அப்படித் திரும்பும் எண்ணம் இருக்கும் குடும்பங்கள் பள்ளியை விடுவதற்கு முன்பே அந்தச் சான்று கிடைக்குமா என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை.

ஹெக்மன் சொன்னது

அப்பா ஒரு நாள் இரண்டு விஷயங்களை அச்செடுத்துக்கொண்டு வந்தார். ஒன்று, தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் சம்பள அட்டவணை. 2023 கணக்கை வைத்துச் சொன்னால், முழுநேர வேலையில் நடுமட்டச் சம்பளம் ஹைஸ்கூல் முடிக்காதவருக்கு வாரத்துக்கு 708 டாலர், முடித்தவருக்கு 899, பட்டதாரிக்கு 1,493. ஆனால் அந்த அட்டவணையில் ஜி.ஈ.டி. முடித்தவர்களும் ஹைஸ்கூல் முடித்தவர்களோடு ஒரே வரிசையில் இருக்கிறார்கள், அதனால் நம் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மற்றது முக்கியமானது. 2000இல் பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன், 1993இல் ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார். ஜி.ஈ.டி. வாங்கியவர்கள் அறிவுத்திறன் சோதனையில் சாதாரண ஹைஸ்கூல் பட்டதாரிகளுக்குக் கிட்டத்தட்டச் சமம், ஆனால் சம்பளத்தில் அவர்கள் நிற்பது படிப்பை விட்டவர்களின் பக்கத்தில். காலேஜில் சேர்ந்தாலும் பலர் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று பின்னால் வந்த ஆய்வுகளில் அவர் சொன்னது இதுதான்: தினமும் எழுந்து போவது, பிடிக்காத வேலையையும் முடிப்பது, ஒத்துவராத ஆட்களோடு வருடக்கணக்கில் இருப்பது, இதையெல்லாம் ஏழு மணிநேரத் தேர்வு அளக்காது. வேலை கொடுப்பவருக்கு அதுவும் வேண்டியிருக்கிறது.

"அப்ப வேண்டாம்தானே?" என்றார் அப்பா.

எனக்கு அது அவ்வளவு நேரடியான பதிலாகத் தெரியவில்லை. இந்தத் தேர்வு 1942இல் உருவானது ராணுவத்துக்குப் போனதால் படிப்பு நின்றுபோனவர்களுக்காக. அவர்களிடம் விடாமுயற்சி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நின்றதற்குக் காரணம் வெளியே இருந்தது. ஆக, ஹெக்மனின் ஆய்வை ஒரு பிள்ளையின் விஷயத்தில் வைத்துப் பார்க்கும்போது கேட்க வேண்டியது, எதனால் பள்ளி நின்றது, அந்தக் காரணம் இந்தப் பிள்ளையோடு காலேஜுக்கும் கூட வருமா என்பதுதான். இவளுக்குக் காரணம் பதற்றநோய். நவம்பரில் விட்டிருந்தால் அது கூடவே போயிருக்கும். சிகிச்சை தொடங்கிய பிறகு, எது முடிகிறது எது முடியவில்லை என்று அவளே சொல்லத் தெரிந்த பிறகு நிலைமை வேறு.

இதைச் சொல்லும்போது எனக்கு வேறு ஒரு பையன் நினைவு வந்தான், சில வருடம் முன்பு என் வகுப்பில் இருந்தவன், தமிழ்ப் பையன் இல்லை. இங்கே பிறந்தவன், ராணுவத்தில் சேர ஆசை, சீக்கிரம் போய்விடலாம் என்று 17 வயதில் பள்ளியை விட்டு வந்தான். ஆறு வாரத்தில் நான்கு தாளும் பாஸ். அப்புறம்தான் தெரிந்தது, ராணுவம் பள்ளியில் படித்து வாங்கிய ஹைஸ்கூல் டிப்ளமாவை முதல் அடுக்கிலும் ஜி.ஈ.டி.யை இரண்டாம் அடுக்கிலும் வைக்கிறது, முதல் அடுக்குக்கு ஏற 15 காலேஜ் கிரெடிட் வேண்டும். காலேஜுக்கு அவன் தயாராகவே இல்லை. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தான். தேர்வில் அவன் தோற்கவில்லை, தேர்வுக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு அவனிடம் எதுவும் இருக்கவில்லை. அவனை அப்போது யாராவது, நானாவது, ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இன்னும் நினைக்கிறேன்.

முடிவு எப்படி எடுத்தார்கள்

விலகல் படிவத்தில் கையெழுத்து கடைசியாகத்தான் என்று மே மாதம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை இருந்தன. ஜூன் வரை பள்ளிக்குப் போய்ப் பதினொன்றாம் வகுப்பை முடிப்பது, ஏனென்றால் என்றாவது திரும்ப வேண்டி வந்தால் அந்தக் கிரெடிட்டுகள் அப்படியே இருக்கும். முடிவில் 47 என்பது 81 ஆகியிருந்தது. கம்யூனிட்டி காலேஜில் ஆலோசகரை நேரில் பார்த்து, செப்டம்பரில் எந்தப் பாடம் என்பது வரை பேசி வைப்பது. தெரப்பிஸ்டை நிறுத்தக் கூடாது. ஜி.ஈ.டி. அமைப்பே நடத்தும் மாதிரித் தேர்வு ஒன்று இருக்கிறது, அப்போது தாளுக்குச் சுமார் 7 டாலர், தேறுவீர்களா இல்லையா என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டும். அதற்குப் பள்ளியை விட்டிருக்க வேண்டியதில்லை. நான்கிலும் பச்சை வராமல் கையெழுத்து இல்லை.

மொழித்தாளில் முதல் தடவையே 169. ஜி.ஈ.டி.யில் 165க்கு மேல் என்றால் காலேஜ் பாடத்துக்குத் தயார் என்று பொருள். அறிவியலும் சமூக அறிவியலும் பச்சை. கணக்கு 141, மஞ்சள். கிரெடிட் போன வருடத்தில் விட்டுப்போன அல்ஜீப்ரா அப்படியே ஓட்டையாக இருந்தது. ஆறு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஒருபடிச் சமன்பாடு, சாய்வு, சதவீதம், கால்குலேட்டர் தராத முதல் ஐந்து கேள்விக்கு மனக்கணக்கு. ஜூன் நடுவில் பச்சை.

ஜூன் கடைசி வாரம் அப்பா கையெழுத்துப் போட்டார். ஜூலையில் மூன்று தாள் பாஸ், கணக்கில் 143. இரண்டு மார்க். அன்று இரவு அவள் யாரிடமும் பேசவில்லை. அடுத்த தடவைக்கு நீண்ட காத்திருப்பு இல்லை, மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காக்க வேண்டும். ஆகஸ்டில் 152.

செப்டம்பரில் காலேஜில் இரண்டு பாடம். நான் செய்த ஒரு தவறையும் எழுத வேண்டும். கணக்கு வகுப்பு காலை எட்டு மணிக்கு இருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குக் காலைதான் கஷ்டம் என்று எட்டு மாதமாகத் தெரிந்திருந்தும் அட்டவணையை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அக்டோபரில் அந்தப் பாடத்தை விட்டுவிட்டாள். ஆங்கிலத்தில் பி பிளஸ். ஜனவரியில் மூன்று பாடம் எடுத்தாள், எல்லாம் பதினொரு மணிக்கு மேல், மூன்றிலும் தேறினாள். வயிற்று வலி அவளுக்கு இன்னும் வரும். வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது.

டிப்ளமா வந்த அன்று அப்பா அதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு, பாஸ்போர்ட்டும் விசாக் காகிதங்களும் இருக்கும் ஃபைலில் வைத்தாராம்.

அவளுக்கு ஒரு தம்பி, எட்டாம் வகுப்பு. போன குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். பையன் வயிறு வலிக்கிறது என்று பஸ் ஏறவில்லை, பள்ளிக்கு லீவு எழுத வேண்டும். "காய்ச்சல்னு போட வேண்டாம்னு பாக்கறேன். என்ன எழுதட்டும்க்கா?" நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பயமும் வயிற்று வலியும், டாக்டரிடம் அழைத்துப் போகிறோம் என்று. எழுதினார். அன்று மத்தியானமே பள்ளிக் கவுன்சிலர் அவரைக் கூப்பிட்டார்.